தண்ணீர்க் கணக்கு யார் கையில்?

குழாய்த் தண்ணீருக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று பணக் கணக்கு. எத்தனை வீட்டில் வசூலித்தார்கள், மோட்டாருக்கு மின் கட்டணம் எவ்வளவு, வாட்டர்மேனுக்குச் சம்பளம் எவ்வளவு, குழாய் உடைந்தால் ஒட்டப் போட்டது எவ்வளவு என்பது அது. மற்றொன்று தண்ணீரின் கணக்கு. எத்தனை லிட்டர் ஏற்றினார்கள், எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கலந்தார்கள், சோதனைக்கு அனுப்பியதில் என்ன வந்தது என்பது இது. மைசூரைச் சுற்றியுள்ள கிராமப் பஞ்சாயத்துகள் இரண்டையும் எழுதி வைக்கக் கடமைப்பட்டவை. பல இடங்களில் எழுதவும் செய்கிறார்கள். எழுதியது தாலுகாவுக்குப் போகிறது, ஜில்லா பஞ்சாயத்துக்குப் போகிறது, பெங்களூருக்குப் போகிறது, கம்ப்யூட்டர் வழியாகத் தில்லிக்கும் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற நம் வீட்டு வாசலுக்கு மட்டும் வருவதில்லை.

இது ஏதோ குமாஸ்தா சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2024 மே மாதம் மைசூர் தாலுகா கே.சாலுண்டி கிராமத்தில் என்ன நடந்தது? வாந்தியும் பேதியுமாக ஊரே படுத்தது. பல பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓர் இளைஞர் உயிரிழந்தார். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அதன் பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள், மந்திரிகள் வந்தார்கள், லாரியில் தண்ணீர் வந்தது, மாதிரி எடுத்தார்கள், சோதித்தார்கள். சாவுக்குப் பின் வருகிற சோதனையால் செத்தவருக்கு என்ன பயன்? அதற்கு முந்தைய மாதச் சோதனை முடிவு எங்கே ஒட்டப்பட்டிருந்தது, யார் படித்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. மைசூர் நகரம் நாலாபுறமும் லே-அவுட்டுகளாகப் பெருகுகிறது. அந்த லே-அவுட்டுகளின் கழிவு பக்கத்துக் கிராமத்து ஏரிக்கும் நிலத்தடிக்கும் இறங்குகிறது. லே-அவுட்டில் கல்லுடைத்துச் சுவர் எழுப்புகிற கைகளில் நம் கைகளும் உண்டு. அதே கிராமங்களில்தான் நாம் வாடகைக்கும் இருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீரைப் பஞ்சாயத்துகளுக்குரிய பொறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதே 1993இல் கர்நாடகம் தன் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப் பஞ்சாயத்து எப்படி பட்ஜெட் போட வேண்டும், எப்படிக் கணக்கு வைக்க வேண்டும் என்பதற்கு 2006இல் தனி விதிகள் வந்தன. வரவு செலவைப் 'பஞ்சதந்திரா' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் ஏற்றுகிறார்கள். மாநில அரசின் கணக்குத் துறை தணிக்கை செய்கிறது. 2019 ஆகஸ்டு 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தில் அதற்கு 'மனெ மனெகெ கங்கெ' என்று பெயர், வீட்டுக்கு வீடு கங்கை என்று பொருள். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் வாக்குறுதி. ஊருக்குள் குழாய் பதிக்கும் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் மக்களே தர வேண்டும் என்றும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் இருபதில் ஒரு பங்கு போதும் என்றும் விதித்தார்கள். ஊருக்கொரு குடிநீர்க் கமிட்டி வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்றார்கள். 2024க்குள் முடிப்பதாகச் சொன்ன வேலைக்கு 2028 வரை தவணை கேட்டிருக்கிறார்கள். அது தனிக் கதை. இது போக, 15ஆவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்குப் பஞ்சாயத்துகளுக்கு ஒதுக்கியதில் நூற்றுக்கு அறுபது பங்கைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று கட்டிப் போட்டது.

ஆக, பணம் வந்திருக்கிறது. நம்மிடமும் வாங்கியிருக்கிறார்கள். ஒரு சிறு கிராமப் பஞ்சாயத்து இன்று குடிநீர்க் கம்பெனி நடத்துகிற வேலையைச் செய்கிறது. கம்பெனி என்றால் பங்குதாரருக்கு ஆண்டுக் கணக்குப் போகும். இங்கே பங்குதாரர் யார்?

கணக்கு என்றவுடன் பெரிய புத்தகங்களை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. விரல் விட்டு எண்ணுகிற கணக்குதான். இருநூறு குடும்பம் உள்ள ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 55 லிட்டர். குடும்பத்துக்கு 275 லிட்டர், ஊருக்கு நாளொன்றுக்கு 55,000 லிட்டர். மேல்நிலைத் தொட்டி 50,000 லிட்டர் பிடிக்கும் என்றால், ஒரு நடை நிரப்பினால் 5,000 லிட்டர் குறைகிறது. இரண்டு நடை நிரப்புவதாக எழுதியிருந்து, கடைசித் தெருவில் குடம் நிரம்பவில்லை என்றால் தண்ணீர் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். 5 குதிரைச்சக்தி மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 30 யூனிட் மின்சாரம் இழுக்கும், மாதத்துக்கு 900 யூனிட். சாமுண்டேசுவரி மின் விநியோகக் கழகத்தின் பில்லில் அதற்கு வெகு கூடுதலாக இருந்தால் ஒன்று மோட்டார் பழுது, இல்லையேல் குழாய் ஓட்டை. மின் பில் ஒன்றே இவ்வளவு பேசும்.

இன்னும் ருசிகரமானது பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. 50,000 லிட்டர்த் தொட்டிக்கு ஒரு நடைக்கு 200 கிராம். மாதத்துக்கு 6 கிலோ. 25 கிலோ மூட்டை நான்கு மாதம் வரும். ஆண்டுக்கு மூன்று மூட்டையாவது வாங்கியிருக்க வேண்டும். இரண்டு நடை ஏற்றினால் ஆறு மூட்டை. திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் இன்னும் கூடவே ஆகும். இப்போது பஞ்சாயத்தின் கொள்முதல் ரசீதைப் பாருங்கள். ஆண்டு முழுவதற்கும் ஒரே மூட்டைக்குத்தான் ரசீது இருக்கிறதா? அப்படியானால் 'தினசரி குளோரின் கலக்கப்பட்டது' என்று வேறொரு நோட்டில் எழுதியிருப்பது பொய். பத்து மூட்டைக்குப் பணம் எடுத்திருக்கிறார்கள், குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடையே இல்லையா? அப்போது ரசீது பொய். பணக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் பொய்யை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒரே தாளில் மக்கள் கண்ணில் படாமல் இருப்பது சிலருக்கு வசதியாக இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நோட்டில் பொய் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டில் ஒரு சான்று உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஓர் ஊர், சுமார் ஐயாயிரம் பேர் வசிப்பது, நம் ஹோப்ளி ஊர்களில் ஒன்றைப் போல. 2000ஆம் ஆண்டு மே மாதம் பலத்த மழை. மாட்டுச் சாணக் கழிவு அடித்து வந்து ஒரு குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரித்தார். குடிநீர் நிலையத்தில் குளோரின் அளவைச் சோதிக்காமலே ஆண்டுக்கணக்கில் நோட்டில் ஒரே மாதிரி எண்களை எழுதி வந்தது வெளிப்பட்டது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சோதனைச் சாலை அறிக்கை அனுப்பியது, அதையும் யாருக்கு? தண்ணீர் விட்டவருக்கு மட்டும். சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று அந்தத் தனியார் சோதனைச் சாலைக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. சுகாதார அதிகாரிகள் கேட்டபோது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் சொல்லப்பட்டது. அத்தனை பணமும் படிப்பும் உள்ள நாட்டில் இது நடந்தது. அதன் பிறகு 2002இல் அந்த மாகாணம் புதிய குடிநீர்ச் சட்டம் செய்தது. பள்ளமான ஊர்களில் உழைக்கிறவர்கள் செத்த பிறகே சட்டம் பிறப்பது எல்லா நாட்டுக்கும் பொது போலும்.

அமெரிக்காவிலோ 1996இல் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு குடிநீர் நிலையமும் ஆண்டுதோறும் தன் தண்ணீரில் என்ன இருந்தது என்று அதைக் குடிப்பவர்களுக்கே அறிக்கை தர வேண்டும் என்று வைத்தார்கள். சிறிய நிலையம் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை, செய்தித்தாளில் போடலாம். ஐநூறு பேருக்கும் குறைவான ஊர் என்றால் அறிக்கை தயார், கேட்டால் தருகிறோம் என்று அறிவித்தாலே போதும். ஊர் சிறியது என்பதற்காகக் கடமையை எடுத்துவிடவில்லை, அதன் சுமையைத்தான் குறைத்தார்கள். இந்த வித்தியாசம் முக்கியமானது.

ஏனென்றால் நம் பஞ்சாயத்துக்காரர்கள் சொல்லும் சமாதானத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு பி.டி.ஓ., சில சமயம் இரண்டு பஞ்சாயத்துக்கு ஒரே பி.டி.ஓ. நூறு நாள் வேலை, வீட்டு வரி, கட்டட அனுமதி, தெருவிளக்கு, தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில். ஒவ்வொரு துறையும் ஒரு படிவம் அனுப்பி இன்று மாலைக்குள் நிரப்பு என்கிறது. வாட்டர்மேன், கன்னடத்தில் நீருகண்டி என்பவர், விடியலுக்கு முன் எழுந்து வால்வு திருப்புகிறார். அவருடைய கூலி பல மாதம் பாக்கி என்று போராடிப் போராடித்தான் வாங்குகிறார். அவரும் நம்மைப் போல ஓர் உழைப்பாளி. அவர் கையில் குளோரின் அளக்கும் டப்பாவும் கொடுக்காமல், பயிற்சியும் கொடுக்காமல், நோட்டை மட்டும் கொடுத்தால் நோட்டில் எண்தான் எழுதுவார். பழியை அவர்மேல் போட்டுவிட்டு மேலே இருப்பவர்கள் கை கழுவுவதை நாம் ஏற்கக் கூடாது.

ஆனால் சுமை எங்கிருந்து வருகிறது? மேலே அனுப்புகிற படிவங்களிலிருந்து. எத்தனை வீட்டுக்குக் குழாய் பொருத்தியாயிற்று என்று தில்லிக்குச் சொல்ல ஆயிரம் கட்டங்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தெருவுக்குச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை. படிவங்களில் பாதியைக் குறைத்துவிட்டு அந்த ஒரு தாளை எழுதச் சொன்னால் பி.டி.ஓ.வே சந்தோஷப்படுவார். மாதம் ஒரு தாள், தொட்டியின் காலில் ஒட்ட வேண்டும். வசூலான பணம், மின் பில், பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ, தொட்டி கழுவிய தேதி, கடைசிச் சோதனையின் தேதி, முடிவு. இவ்வளவுதான். தமிழ்நாட்டில் நம் ஊர்த் தொட்டிகளில் 'சுத்தம் செய்த நாள்', 'அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்று பெயிண்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதன் அடியில் ஆறு வரி கூட்டுவது ஒன்றும் இமயமலை ஏறுகிற வேலை இல்லை. தமிழ்நாட்டை ஏதோ சொர்க்கமாகக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்த கொடுமை நாடறிந்தது. பிள்ளைகளுக்கு நோய் கண்ட பிறகு, குடித்த மக்களே தொட்டியின்மேல் ஏறிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். எழுதி வைத்த தேதி காவல் காக்காது. ஆனால் மாதா மாதம் யாரோ வந்து எழுதுகிறார்கள், எழுதியதைப் பலர் படிக்கிறார்கள் என்றால் அந்தத் தொட்டிக்குக் கண்கள் இருக்கின்றன.

இனி நம் சொந்தச் சங்கடத்துக்கு வருவோம். கிராம சபை என்பது அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை. நம்மில் பலருடைய பெயர் இன்னும் சேலத்திலும் தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் இருக்கிறது. குழாய் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. தண்ணீர்ப் பணத்தை வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் தருகிறோம். பஞ்சாயத்தின் கேட்பு நோட்டில் நாம் இல்லை. ஒரே இணைப்பில் லைன் வீடு எட்டு, தலை நாற்பது. 55 லிட்டர் கணக்குப் போடும்போது அந்த நாற்பது தலை எண்ணப்பட்டதா? ஷெட்டுகளில் தங்கிக் கட்டட வேலை செய்வோர் நிலை இன்னும் மோசம். வேலையிடத்தில் குடிநீர் தருவது வேலை கொடுத்தவரின் கடமை என்று 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது, 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. மேஸ்திரி டேங்கரில் கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் எந்தப் போர்வெல்லிலிருந்து வந்தது, யார் சோதித்தார்கள் என்பதற்கு நோட்டும் கிடையாது, தாளும் கிடையாது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். தண்ணீர் என்று மைசூரில் ஒரு தமிழன் வாய் திறந்தால் காவிரிப் பேச்சாகிவிடுமோ என்று ஓர் அச்சம் நமக்குள் இருக்கிறது. அந்த அச்சம் கற்பனை அல்ல. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும், பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அந்த நாட்களைக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும் ஊர்க் குடிநீர்த் தொட்டியின் கணக்கு இரு மாநிலத் தகராறு அல்ல. கே.சாலுண்டியில் பேதி கண்டபோது அது யார் என்ன மொழி பேசுகிறார் என்று கேட்டுவிட்டு வரவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடத் தாயும் அதே குடத்தைத்தான் பிடிக்கிறாள். அவளோடு சேர்ந்து கேட்டால் இது ஊர்க் கேள்வி. நாம் தனியே நின்று கேட்டால்தான் வேறு சாயம் பூசுவார்கள். தொட்டியில் ஒட்டுகிற தாளைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும் என்று சிலர் கேட்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படிக்கிறார்கள். ஆறு வரியை அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டட்டும். முதலில் தாள் வரட்டும்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. நம் ஊரில் ஜமாபந்தி என்றால் தாலுகா ஆபீஸில் பட்டாவுக்கு மனுக் கொடுப்பது. கர்நாடகத்தில் பஞ்சாயத்து ஜமாபந்தி என்று ஒன்று உண்டு, அது வேறு. ஆண்டுக்கொரு முறை மேலதிகாரி ஒருவர் முன்னிலையில் கிராமப் பஞ்சாயத்தின் கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் ஊர் மக்கள் முன் வைத்துச் சரிபார்க்க வேண்டும், முடித்ததாகச் சொன்ன வேலைகளை இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதே நம்மவர் பலருக்குத் தெரியாது. நாள் தெரிந்தால் போய் நில்லுங்கள். குடிநீர் நோட்டையும் பவுடர் ரசீதையும் மட்டும் காட்டச் சொன்னால் போதும். நகரை ஒட்டி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-21 வாக்கில் ஹூட்டகள்ளி நகரசபையானது. போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகோளா ஆகியவை பட்டணப் பஞ்சாயத்துகளாயின. ஊர் பட்டணமாகும்போது வரி ஏறுகிறது, கிராம சபையும் பஞ்சாயத்து ஜமாபந்தியும் போய்விடுகின்றன. குழாய் அதே குழாய், போர்வெல் அதே போர்வெல். கேட்கிற இடம் மட்டும் இல்லாமல் போகிறது. இதை எந்தக் கட்சியும் மேடையில் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பெண்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜல் ஜீவன் விதிப்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தந்து, சோதனைப் பெட்டியும் தர வேண்டும். அதில் ஒரு சிறு பாட்டில் வரும். தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி இருக்கக்கூடிய தண்ணீர் கறுத்துப்போகும். எழுத்தறிவு இல்லாதவரும் பார்த்துச் சொல்லலாம். நூறு மில்லி தண்ணீரில் அந்தக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவின் சட்டம். மழைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக ஆண்டுக்கு இரு முறையேனும் கிருமிச் சோதனை, ஒரு முறை உப்பு, ஃபுளோரைடு போன்றவற்றின் சோதனை நடக்க வேண்டும். அந்த ஐந்து பெண்கள் உங்கள் ஊரில் யார்? ஸ்த்ரீ சக்தி சங்கத்தில் நம் சகோதரிகள் சீட்டும் சேமிப்பும் கணக்குப் பிசகாமல் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஐவரில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

எதுவும் நடக்காத ஊரில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறாய் என்றும் கேட்கக் கூடாது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்க்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். மனு கன்னடத்திலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும், தமிழில் கொடுத்தால் செல்லாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சங்கத்தில் கன்னடம் எழுதத் தெரிந்த தோழர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவை: கடந்த ஓராண்டின் குடிநீர் வசூல், மோட்டார் மின் பில்களின் நகல், பிளீச்சிங் பவுடர் கொள்முதல் ரசீதுகள், கடைசி இரண்டு கிருமிச் சோதனைகளின் முடிவு. பதில் வந்ததும் அதன் நகலொன்றை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். மூட்டைகளை நாங்களும் எண்ணிப் பார்க்கிறோம்.